மாடியிற் கண்ட வளையம்

சென்னையிலிருந்து தெற்கே செல்லும் பெருஞ்சாலையில், தாம்பரத்தைக் கடந்து பெருங்களத்தூரை அணுகுமுன் இரும்புலியூர் உள்ளது. இன்று அதனைத் தனியூர் என்று பிரித்துக் காட்டுதல் எளிதன்று. 2021-ஆம் ஆண்டில் அமைந்த தாம்பரம் மாநகராட்சிக்குள் அஃது அடங்கிவிட்டது. புறவழிச் சாலையும் மேம்பாலமும் அதன் தலைமேல் ஓடுகின்றன. ஆயினும் அவ்வூர் முதியவர் சிலருடைய நினைவில் அது, ஏரியும் வயலும் சூழ, இருட்டியபின் தவளையொலி ஒன்றே கேட்கும் சிற்றூராகவே இன்றும் இருந்து வருகிறது.

அத்தகைய முதியவர் ஒருவர் அங்கே ஒரு மாடி வீட்டில் வாழ்கிறார். இரயில் பணிமனையில் பிட்டராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். 1986-ஆம் ஆண்டு ஏப்ரலில் ஹாலி வால்மீன் தென்வானில் தோன்றியபோது, யாரோ ஒருவருடைய தொலைநோக்கியின் முன் நெடுநேரம் வரிசையில் நின்றார். அவர் முறை வந்தபோது அரை நிமிடமே பார்க்க இயன்றது. பின்னால் நின்றவர் தோளைத் தட்டினார். அன்றிரவு வீடு திரும்பும் வழியிலேயே, தமக்கென ஒரு தொலைநோக்கி செய்துகொள்வது என்று அவர் முடிவு செய்தார்.

தொலைநோக்கியின் உயிர் அதன் குழியாடி. அதனைச் செய்யும் முறையோ மிகவும் பழையது, எளியது, ஆயின் பொறுமையைக் கேட்பது. ஆறு அங்குல அகலமுள்ள தடித்த கண்ணாடி வட்டுகள் இரண்டை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, இடையே கார்பரண்டம் தூளும் நீரும் இட்டு, மேல் வட்டை முன்னும் பின்னும் தள்ளித் தேய்க்க வேண்டும். தேய்க்கத் தேய்க்க மேல் வட்டு குழியும். கீழ் வட்டு குவியும். பருத்த தூளில் தொடங்கி, வரவர நுண்ணிய தூளுக்குச் செல்ல வேண்டும். இறுதியில் அவர் ஆடியின் நடுவில் அமைந்த பள்ளம் ஒரு மில்லிமீட்டருக்குச் சற்றே மிகுதி. அவ்வளவுதான். ஆனால் அப்பள்ளத்தின் வளைவில், ஒரு மில்லிமீட்டரைப் பத்தாயிரம் கூறாக்கினால் அதில் ஒரு கூறளவு பிழைகூட இருத்தல் ஆகாது. இருந்தால் விண்மீன் புள்ளியாய்த் தோன்றாது, பஞ்சாய்த் தோன்றும். பணிமனையில் இரும்பை அராவிப் பழகிய கை அவருடையது. இரவுப் பணி இல்லாத நாள்களிலெல்லாம் தேய்த்து, பதினான்கு மாதங்களில் முடித்தார். அலுமினியப் பூச்சு மட்டும் வெளியே கொடுத்துப் பூசிக்கொண்டார். குழாய் தகரத்தால் ஆயது. தாங்கி மரப்பெட்டியால் ஆயது.

கருவி முடிந்தபின் அவர் முதலில் தேடிய பொருள்களுள் ஒன்று வளைய விண்முகில். கோடைக்காலப் பின்னிரவில் வடகிழக்கே வெண்ணீலமாய் ஒளிரும் மீன் ஒன்றுண்டு. நம் முன்னோர் அதனை அபிசித்து என்றனர். மேல்நாட்டார் அம்மீனைச் சார்ந்த சிறு கூட்டத்தை யாழாக உருவகித்தனர். அந்த யாழின் அடியிலுள்ள மீன்கள் இரண்டிற்கும் இடையே, வெறுங்கண்ணுக்குப் புலப்படாமல், இவ்விண்முகில் ஒளிந்திருக்கிறது. 1779-ஆம் ஆண்டில் பிரெஞ்சு நாட்டின் மெசியேயும் தார்க்கியேயும் இதனைக் கண்டனர். மெசியேயின் பட்டியலில் இதன் எண் 57. மங்கி மறையும் ஒரு கோளைப் போன்றது என்று தார்க்கியே குறித்தார்.

இங்கே பெயரைப் பற்றி ஒரு சொல். இவ்வகைப் பொருள்களுக்குக் ‘கோள் விண்முகில்’ என்று பெயர். யுரேனசு என்னும் கோளை 1781-இல் கண்டறிந்த வில்லியம் எர்ச்செல், தாம் கண்ட சில விண்முகில்கள் அக்கோளைப் போலவே சிறு வட்டமாய்த் தோன்றியமையால் இப்பெயரை வழங்கினார். உண்மையில் இவற்றுக்கும் கோள்களுக்கும் யாதோர் உறவும் இல்லை. தமிழிற் கோள் என்னும் சொல்லுக்குப் பொய், புறங்கூற்று என்னும் பொருள்களும் உண்டு. அவ்வகையிற் பார்த்தால் பெயர் பொருத்தமாகவே அமைந்துவிட்டது! பிழையென்று தெரிந்தபின்னும் ஒரு பெயர் இருநூறு ஆண்டுகளுக்கு மேல் நிலைத்து நிற்பது மொழியில் புதியதன்று.

அவை யாவை எனில், மூப்படைந்த மீன்களின் உடுப்புகள் எனலாம். நம் கதிரவனை ஒத்த மீன் ஒன்று, தன் நடுவிலுள்ள எரிபொருள் தீர்ந்தபின் பெரிதாகப் பருத்துச் செந்நிறம் பெறுகிறது. பின்பு தன் மேற்புற வளியைச் சிறிது சிறிதாக வெளியே உதறிவிடுகிறது. எஞ்சிய உட்கரு சிறியது, ஆயின் கடும்வெப்பமுடையது, அதன் மேற்பரப்பு ஓர் இலட்சம் பாகைக்கும் மேல் வெம்மை கொள்வதுண்டு. அதிலிருந்து எழும் புற ஊதாக் கதிர்கள் உதறப்பட்ட வளியைத் தாக்கி ஒளிரச் செய்கின்றன. வளியோ நொடிக்கு இருபது முப்பது கிலோமீட்டர் விரைவில் அகன்றுகொண்டே செல்கிறது. பல்லாயிரம் ஆண்டுகளுக்குள் அது கலைந்து வெளியிற் கரைந்துவிடும். கோடிக்கணக்கான ஆண்டு வாழும் மீனுக்கு அது கண்ணிமைப் பொழுதே. எஞ்சும் கரு வெண்குறுமீன் ஆகிறது. அத்தகைய குறுமீன் கதிரவனைப் போல் ஏறத்தாழ 1.4 மடங்குக்கு மேற்பட்ட பொருண்மையைத் தாங்காது என்று 1930-ஆம் ஆண்டில் கப்பற் பயணத்தின்போது கணக்கிடத் தொடங்கியவர், சென்னை மாநிலக் கல்லூரியில் பயின்று இங்கிலாந்துக்குச் சென்றுகொண்டிருந்த பத்தொன்பது வயது இளைஞர் சந்திரசேகர். அவ்வாராய்ச்சியை உள்ளிட்ட பணிகளுக்காக 1983-இல் நோபெல் பரிசு அவரை வந்தடைந்தது.

1990-ஆம் ஆண்டின் கோடையில் பெரியவர் அவ்வளையத்தைக் கண்டார். சாம்பல் நிறம், புகைவளையம் போன்றது, சிறிது நீள்வட்டம், நடுவே இருள். நேரே நோக்கினால் மங்கியது. சற்றுப் பக்கத்தே நோக்கினால் தெளிந்தது. கண்ணின் நடுப்பகுதி நிறத்தையும் நுட்பத்தையும் அறியும். ஆனால் மங்கிய ஒளியை அறிவதில் ஓரப்பகுதியே வல்லது. இதனை எந்த நூலும் சொல்லாமலே அவர் தாமே கண்டுகொண்டார். ஒரு குறிப்பேட்டில் வளையத்தை வரைந்து, நாளும் நேரமும் எழுதி வைத்தார்.

அதன்பின் ஊர் மாறியது. வயல்கள் மனைகளாயின, மனைகள் அடுக்குமாடிகளாயின. பால்வீதி முதலில் மறைந்தது. பிறகு தெருவில் மஞ்சள் விளக்குகள் போய் வெள்ளை விளக்குகள் வந்தன. விளக்கு வேண்டாம் என்று கூறுவார் எவருமிலர். இரவில் பணி முடித்து வீடு திரும்பும் பெண்டிரைக் கேட்டால் அதன் அருமை தெரியும். ஆனால் தரைக்கு வேண்டிய ஒளியை வானுக்கும் இறைப்பது வீண் செலவே. இப்படியாக, ஒருநாள் வளையமும் பெரியவர் கண்ணுக்கு அகப்படாது போயிற்று. விளக்குகளே காரணம் என்றார். ஆடியின் பூச்சு மங்கிற்றோ என்று ஐயுற்று, அதனைக் கழற்றி மறுபூச்சு இடுவித்தார். பயனில்லை. மூன்றாண்டுகள் தொலைநோக்கி உறையிட்டபடியே கிடந்தது.

அதனை மீண்டும் வெளியே எடுத்தவள் அவர் பேத்தி. ஒன்பதாம் வகுப்பு மாணவி. 2023-ஆம் ஆண்டு சித்திரை அமாவாசையை ஒட்டிய ஓர் இரவில், மூன்று மணிக்கு எழுந்து, தாத்தாவின் துணையோடு மாடியில் கருவியை நிறுத்தினாள். அவர் கை பழக்கத்தால் யாழின் அடிப்பகுதியைக் கண்டது. கண்ணை வைத்துப் பார்த்தார். வெறும் வெண்மை.

“இந்த விளக்குகளில் இனி ஒன்றும் தெரியாது, அம்மா,” என்றார்.

அவள் குனிந்து பார்த்தாள். நெடுநேரம் பேசவில்லை. பின்பு, “தெரிகிறதே, தாத்தா! சின்னதாக ஒரு வளையம்,” என்றாள்.

அவர் மறுபடியும் பார்த்தார். பக்கப் பார்வையாலும் பார்த்தார். ஒன்றுமில்லை. தம்மை மகிழ்விக்கக் கூறுகிறாளோ என்று எண்ணினார் போலும். அவளிடம் தாளும் பென்சிலும் கொடுத்து, கண்டதை வரையச் சொன்னார். வளையம் எப்பக்கம் சாய்ந்து நீண்டிருக்கிறது, அருகிலுள்ள மங்கிய மீன் எங்கே இருக்கிறது என்பவற்றையெல்லாம் அவள் குறித்தாள். அவர் கீழே சென்று பழைய குறிப்பேட்டை எடுத்து வந்து, கைவிளக்கின் செவ்வொளியில் இரண்டையும் அருகருகே வைத்தார். சாய்வு ஒன்று, மீனும் அவ்விடத்திலேயே இருந்தது. அக்குறிப்பேட்டை அவள் அதற்குமுன் பார்த்ததில்லை.

பெரியவர் கைப்பிடிச் சுவரில் அமர்ந்தார். மறைந்தது வானத்தில் அன்று என்பது அப்போது அவருக்கு விளங்கிற்று. கண்ணில் புரை படர்ந்திருந்தது. படிக்கும்போது எழுத்து மங்குவதும், எதிர்வரும் வண்டியின் விளக்கு கதிர்விரித்துக் கூசுவதும் அவர் அறிந்தவையே. மகள் பலமுறை அழைத்தும் மருத்துவரிடம் செல்லாமல் நாள் கடத்தினார். அறுவையில் இருக்கும் சிறிதளவு பார்வையும் போய்விடின் என் செய்வது என்னும் அச்சமே காரணம். அதனை அவர் எவரிடமும் கூறியதில்லை.

பேத்திக்கோ வளையத்தைப் படம்பிடிக்க வேண்டும் என்னும் ஆவல் பிறந்தது. மரப்பெட்டித் தாங்கி அதற்கு உதவாது. புவி மணிக்குப் பதினைந்து பாகை சுழல்கிறது. நிலையாக நிற்கும் தொலைநோக்கியிலிருந்து மீன் விரைந்து ஓடிவிடும். ஆகவே அவள் தந்தை, மின்பொறியால் மீனைப் பின்தொடரும் பழைய தாங்கி ஒன்றை விலைக்கு வாங்கித் தந்தார். அதன் அச்சு விண்ணின் வடமுனையை நோக்கியிருத்தல் வேண்டும். வடமுனையின் உயரம் ஓர் ஊரின் அகலக்கோட்டிற்குச் சமம். தில்லியில் அது இருபத்தெட்டுப் பாகை, கன்னியாகுமரியில் எட்டு, இரும்புலியூரில் பதின்மூன்று. பதின்மூன்று பாகை உயரத்தில், துருவ மீன் இருக்க வேண்டிய இடத்தில், அண்டை அடுக்குமாடியின் தண்ணீர்த் தொட்டி நின்றது!

இவ்விடத்தில் பெரியவர் கை மீண்டும் உதவிற்று. துருவ மீனைக் காணாமலே அச்சை நேர்செய்யும் வழி ஒன்றுண்டு. தெற்கே உச்சி வட்டத்தில் நிற்கும் ஒளிமிக்க மீனைக் குறுக்கிழையில் நிறுத்திப் பார்க்க வேண்டும். சில நிமிடங்களில் அது வடக்கே நழுவுகிறதா, தெற்கே நழுவுகிறதா என்பதைக் கொண்டு அச்சை இடமோ வலமோ திருப்ப வேண்டும். பின்பு கிழக்கே எழும் மீனைக் கொண்டு உயரத்தைத் திருத்த வேண்டும். ஒளிமிக்க மீன் புரை படர்ந்த கண்ணுக்கும் தெரிந்தது. பஞ்சுபோல் தெரிந்தாலும் நழுவலை அளக்க அது போதும். இரண்டு மணி நேரம் திருகாணிகளோடு போராடி அச்சை நிறுத்தினார்.

படம்பிடித்தல் என்பது ஒருமுறை பொத்தானை அழுத்துவதன்று. அவள் ஒவ்வொன்றும் முப்பது நொடியாக 240 படங்கள் எடுத்தாள். சாலையிற் சென்ற சுமையுந்தின் அதிர்வாலும் காற்றாலும் கெட்டவற்றை நீக்கியபின் எஞ்சியவை 190. அவற்றைக் கணினி ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிற்று. ஒரே செய்தியை நூறுபேர் தனித்தனியே தடுமாற்றத்தோடு கூறினால், ஒவ்வொருவர் தடுமாற்றமும் வேறுவேறாக இருத்தலின், பொதுவாய் அமைவதே உண்மையென்று துணியலாம் அன்றோ? அவ்வாறே நூறு படங்களை அடுக்கினால் இரைச்சல், ஒளியை நோக்கப் பத்தில் ஒரு பங்காகக் குறைகிறது.

வடிகட்டி ஒன்றும் துணை செய்தது. நகரின் நடுவிலிருந்தும் கோள் விண்முகிலைக் காணக் கூடுவதன் மறைபொருள் இதில் இருக்கிறது. 1864 ஆகஸ்டு 29 அன்று, இங்கிலாந்தில் வில்லியம் அக்கின்சு என்பவர் இத்தகைய விண்முகில் ஒன்றின் ஒளியை நிறமாலைக் கருவியால் பிரித்துப் பார்த்தார். மீனின் ஒளியெனில் ஏழு நிறமும் விரியும். அவர் கண்டதோ தனித்த ஒளிக்கோடு. கூர்ந்து நோக்க மேலும் இரண்டு கோடுகள் தென்பட்டன. விண்முகில் மீன்களின் திரளன்று, ஒளிரும் வளியே என்று அன்று தெளிவாயிற்று. ஆயினும் பச்சைக் கோடு எந்தத் தனிமத்துக்கு உரியதென்று தெரியவில்லை. புதுத்தனிமம் என்று எண்ணி ‘நெபுலியம்’ எனப் பெயரிட்டனர். அறுபது ஆண்டுக்கு மேல் அப்புதிர் அவிழாதிருந்தது. 1927-இல் போவன் என்னும் அமெரிக்கர், அது புதியதன்று, இரண்டு எலெக்ட்ரான்களை இழந்த ஆக்சிசனே என்று காட்டினார். நாம் மூச்சில் இழுக்கும் அதே ஆக்சிசன். ஆனால் நம் காற்றின் நெருக்கத்தில் அஃது அப்பச்சையைக் காட்ட இயலாது. விண்முகிலின் ஒளி பெரும்பாலும் இத்தகைய சில கோடுகளில் அடங்கிக் கிடப்பதால், அவற்றை மட்டும் விடுத்துப் பிறவற்றைத் தடுக்கும் வடிகட்டி தெருவிளக்கின் ஒளியைப் பெரும்பகுதி விலக்கிவிடுகிறது.

படம் உருவாயிற்று. உள்ளே நீலப்பச்சை, விளிம்பிற் செம்மை. சாம்பல் வளையமாகவே அதனை அறிந்திருந்த பெரியவர் திரையருகே முகத்தைக் கொண்டுசென்றார். நடுவே, ஊசி குத்தினாற்போல் ஒரு புள்ளி. வளையத்தை உதறிய மீன் அதுவே. ஆறு அங்குல ஆடியில் எக்கண்ணாலும் காண இயலாதது. பல நிமிட ஒளியைச் சேர்த்ததனால் படத்தில் பதிந்தது. அவ்வொளி புறப்பட்டு ஏறத்தாழ 2,500 ஆண்டுகள் ஆகின்றன. சங்கப் பாட்டுகள் பாடப்படுமுன் புறப்பட்டது இரும்புலியூர் மாடியில் வந்து இறங்கிற்று.

“படம் மிக நன்று,” என்றார் பெரியவர். சிறிது பொறுத்து, “ஆனால் இதை நீயும் கருவியும் பார்த்தீர்கள், நான் பார்க்கவில்லை,” என்றார். மறுவாரம் மகளோடு கண் மருத்துவரிடம் சென்றார்.

ஆனி மாதத்தில் வலக்கண்ணில் அறுவை நிகழ்ந்தது. மங்கிய வில்லையை நீக்கிச் செயற்கை வில்லை பொருத்தினர். கட்டு அவிழ்த்தபின் அவரை வியக்கவைத்தது நிறமே. பழுத்த வில்லை நீலத்தை விழுங்கிக் கொண்டிருந்தமையால், உலகம் மஞ்சள் பூத்திருந்ததை அவர் அறியாமலே இருந்தார். அபிசித்து மீண்டும் வெண்ணீலமாயிற்று. ஆயினும் வளையம் அகப்படவில்லை. ஆடி, ஆவணியில் முகில். ஐப்பசி, கார்த்திகையில் மழை.

2023 டிசம்பர் 3, 4 நாள்களில் மிக்சாம் புயல் சென்னையையும் புறநகரையும் வெள்ளக்காடாக்கியது. தாம்பரத்தைச் சூழ்ந்த தாழ்ந்த பகுதிகளில் வீட்டுக்குள் நீர் புகுந்தது. பெரியவர் வீட்டின் கீழ்த்தளத்திலும் முழங்காலளவு நீர். தொலைநோக்கியின் குழாயையும் மரப்பெட்டியையும் மருமகன் மாடிக்குத் தூக்கிவந்தார். தெருவில் மின்சாரம் இல்லை. மழை விட்டபின் அண்டை வீட்டாரும் பிள்ளைகளும் உலர்ந்த இடம் தேடி அந்த மாடிக்கே வந்தனர். ஒரு வீட்டுச் சோறும் மற்றொரு வீட்டு மெழுகுவத்தியுமாக அங்கே ஒரு சிற்றூர் கூடிற்று.

அடுத்தநாள் மாலை வானம் பிளந்தது. விளக்கு ஒன்றுமில்லை. முப்பது ஆண்டுக்கு முந்திய வானம் திரும்பிவந்தாற்போல் இருந்தது. பெரியவர் பிள்ளைகளுக்கு முதலில் சனிக்கோளின் வளையத்தைக் காட்டினார். பின்பு எவரும் கேளாமலே குழாயை வடமேற்கே தாழத் திருப்பினார். யாழ் மறையும் நேரம். உயரம் இருபது பாகையே. மின்பொறியும் இல்லை, குறுக்கிழையும் இல்லை. பழைய மரப்பெட்டியைக் கையால் தள்ளினார். குனிந்தார். சற்றுப் பக்கத்தே நோக்கினார். நெடுநேரம் நிமிரவில்லை.

“எங்களுக்கும் கொஞ்சம் காட்டுங்கள், ஐயா,” என்றாள் பக்கத்து வீட்டு மூதாட்டி. நகர்ந்து இடம் கொடுத்தார். “புகை மாதிரி இருக்கிறது. என்ன அது?” என்று அவள் கேட்டாள்.

“ஒரு சூரியன் விட்டுச்சென்ற புகைதான், அம்மா,” என்றார்.

பிள்ளைகள் ஒவ்வொருவராகப் பார்த்தனர். ஒருவனுக்குத் தெரியவில்லை, பேத்தி அவனுக்குப் பக்கப்பார்வையைக் கற்பித்தாள். அவனும் கண்டான். அவ்வேளையில் தெருக்கோடியில் ஒரு விளக்கு மினுக்கியது, அடுத்தது எரிந்தது, தெரு முழுதும் ஒளி வந்தது. மாடியில் எழுந்த ஆரவாரம் பெரிது. தொட்டிக்கு நீர் ஏறும், கைபேசி உயிர்பெறும், கீழ்த்தளத்து நீரை இறைக்கலாம். பெரியவரும் கைதட்டினார். பால்வீதி இருந்த இடத்தில் வெண்மை படர்ந்தது.

எல்லோரும் இறங்கியபின் ஆடிக்கு மூடியிட்டார். பழைய குறிப்பேட்டை எடுத்து, 1990-ஆம் ஆண்டின் படத்துக்கு எதிர்ப்பக்கத்தில் வளையத்தை வரைந்தார். கீழே, ‘வலக்கண். வடிகட்டி இல்லை’ என்று எழுதினார். சற்று எண்ணிப் பார்த்து, ‘விளக்கும் இல்லை’ என்று சேர்த்தார்.